டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், பைட்டன்காண்ட் தெருவிலுள்ள பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தில் இயங்கும் வட்டார வரலாற்று அருங்காட்சியகம். நிறவெறி அரசு இடித்துத் தள்ளிய ஒரு குடியிருப்பின் மக்களும் அவர்களுக்குத் துணைநின்றவர்களும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். பொருள்களைச் சேர்த்துவிட்டுப் பிறகு மக்களை அழைப்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். இங்கே கூட்டங்கள்தான் முதலில் நடந்தன. சேகரிப்பு அவற்றிலிருந்து விளைந்தது.

1867இல் கேப் டவுன் நகராட்சியின் ஆறாவது வட்டாரமாக அமைக்கப்பட்டதால் அப்பகுதிக்கு அந்தப் பெயர் வந்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழியினர், கைவினைஞர்கள், கூலித் தொழிலாளர்கள், கேப் மலாய் முஸ்லிம்கள், யூத வணிகர்கள், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் எனப் பலரும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. 1901இல் பிளேக் நோயைக் காரணம் காட்டி ஆப்பிரிக்கக் குடும்பங்கள் முதலில் அப்புறப்படுத்தப்பட்டன. 1966 பிப்ரவரி 11 அன்று, 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின்கீழ், இது வெள்ளையருக்கு மட்டுமான பகுதி என்று அரசு அறிவித்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் 60,000க்கும் மேற்பட்டோர் நகருக்கு வெளியே கேப் ஃபிளாட்ஸ் மணல்வெளிக்குத் துரத்தப்பட்டனர். மசூதிகளும் தேவாலயங்களும் சில மட்டும் நின்றன, வீடுகள் தரைமட்டமாயின. இவ்வளவு அவசரமாகப் பறித்த நிலத்தின் பெரும்பகுதியில் பல ஆண்டுகள் புல்தான் முளைத்தது.

1980களின் இறுதியில் அங்கே புதிய கட்டுமானத் திட்டம் ஒன்று பேசப்பட்டபோது, ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் கை வைக்காதே’ என்ற இயக்கம் கிளம்பியது. 1988இல் அது கூட்டிய மாநாட்டில் அருங்காட்சியகம் வேண்டும் என்ற எண்ணம் உருப்பெற்றது. மறு ஆண்டு அதற்கென அறக்கட்டளை அமைந்தது. 1994 டிசம்பர் 10 அன்று, மக்களாட்சி மலர்ந்த அதே ஆண்டில், தெருக்களை மீட்டெடுப்பதைப் பொருளாகக் கொண்ட முதல் கண்காட்சி திறக்கப்பட்டது. சில வாரங்களுக்கென்று திட்டமிட்டது அது. வந்த கூட்டத்தைப் பார்த்தபின் அதை மூட யாருக்கும் மனம் வரவில்லை.

அந்தக் கண்காட்சியின் நடுநாயகம், இடிப்புப் பணியை மேற்பார்த்த ஒருவர் தூக்கியெறியாமல் தம் வீட்டில் பதுக்கிவைத்திருந்த பழைய தெருப்பெயர்ப் பலகைகள். இடித்தவர் கையிலிருந்தே ஆதாரம் கிடைத்தது இந்த வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. தரையில் வட்டாரத்தின் பெரிய வரைபடம் விரிக்கப்பட்டது. வந்தவர்கள் மண்டியிட்டுத் தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடி, குடும்பப் பெயரையும் மூலைக்கடையின் பெயரையும் எழுதினர். எழுத இடம் போதாதவர்களுக்கு நீண்ட வெள்ளைத் துணி தரப்பட்டது. அதில் பேனாவால் எழுதியவற்றின்மேல் பின்னர் நூலால் தையல் போட்டார்கள். துணி நிறைய நிறைய அடுத்த துணி சேர்ந்தது. இன்று காட்சிக்கு உள்ளவற்றில் பெரும்பகுதி இப்படி வருகையாளர்கள் விட்டுச் சென்றதே.

வழிகாட்டிகளாக முன்னாள் குடிகளையே அமர்த்தியது நல்ல முடிவு. அவர்களில் பெயர்பெற்றவர் நூர் இப்ராஹிம். இவருடைய பாட்டனார் சூரத்திலிருந்து வந்தவர். புது வீட்டிலிருந்து திறந்துவிட்ட தம் பந்தயப் புறாக்கள், இடிந்துபோன பழைய வீட்டு மனைக்கே திரும்பிப்போய் அமர்ந்திருந்ததை இவர் வருகையாளர்களுக்குச் சொல்லி வந்தார்.

நினைவுகூர்வதோடு நின்றிருந்தால் இது ஏக்கத்தின் கூடமாக முடிந்திருக்கும். 1994ஆம் ஆண்டின் நில உரிமை மீட்புச் சட்டம் அதன் வேலையை மாற்றியது. உரிமை கோருவோரின் கூட்டங்கள் இங்கே நடந்தன. 1997இல் நில உரிமை நீதிமன்றமே இந்தத் தேவாலயத்துக்குள் அமர்ந்து விசாரித்தது. ஆண்டுதோறும் பிப்ரவரி 11 அன்று முன்னாள் குடிகள் ஊர்வலமாகப் பழைய நிலத்துக்குச் சென்று ஆளுக்கொரு கல்லைக் குவியலில் வைக்கும் வழக்கமும் ஏற்பட்டது. 2004இல் அதே நாளில் முதலில் திரும்பியவர்களுக்கு நெல்சன் மண்டேலா சாவிகளைக் கொடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு வீடுகள் ஆமை வேகத்தில்தான் எழுந்தன. காத்திருந்த முதியவர்கள் பலர் வீட்டைப் பார்க்காமலே இறந்தனர். அரசின் தாமதத்தை அருங்காட்சியகத்தால் ஈடுசெய்ய முடியாது. அந்தத் தாமதம் மறக்கப்படாமல் பார்த்துக்கொள்ள மட்டுமே முடியும்.

அண்மைய நிகழ்ச்சிகளில் குறிப்பிடத்தக்கது ‘ஹாய்ஸ் கொம்பாய்ஸ்’, அதாவது வீட்டுச் சமையலறை. முதிய பெண்கள் கூடி, தங்கள் வீட்டு உணவுகளை நினைவிலிருந்து சொல்லி, சமையல் குறிப்புகளைத் துணியில் பூத்தையலாக இட்டனர். 2016இல் அது நூலாகவும் வந்தது. மாநாட்டு மேடையில் பேசியிராத பெண்களின் வரலாறு இந்த வழியாகவே பதிவானது.

அருங்காட்சியகத்தின் வருவாயில் பெரும்பங்கு வெளிநாட்டுப் பயணிகளின் நுழைவுக் கட்டணம். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது அது வற்றி, நன்கொடை கேட்க நேர்ந்தது. அருகில் இதற்குச் சொந்தமான பழைய துணிக் கிடங்கில் 2010 முதல் இயங்கிய ஃபுகார்ட் நாடக அரங்கு 2021இல் மூடப்பட்டது. அரங்கு அருங்காட்சியகத்தின் கைக்கே திரும்பியது. இப்போது ‘ஹோம்கமிங் சென்டர்’ என்ற பெயரில் நாடகங்களும் ஊர்மக்கள் கூட்டங்களும் அங்கே நடக்கின்றன.