இம்ப்ளிகேட்: ஒரு சொல்லும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கும்

'இம்ப்ளிகேட்' என்பது ஒருவரை ஒரு குற்றத்தோடு தொடர்புபடுத்துவதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல். மடித்தல், பின்னுதல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'சிக்கவைத்தல்' இதற்கு நெருக்கமானது. ஆனால் அதில் வேண்டுமென்றே மாட்டிவிடும் சாயல் உண்டு. 'தொடர்புபடுத்துதல்' நடுநிலையான சொல்.

உடந்தை வேறு

'உடந்தை' என்பது குற்றத்தில் பங்குகொண்டதையே குறிக்கும். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 107ஆம் பிரிவில் இதற்கு மூன்று வழிகளைக் கூறியது: தூண்டுதல், சதியில் சேர்தல், அறிந்தே உதவுதல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 45ஆம் பிரிவு.

லட்சுமிகாந்தன் வழக்கு

இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்டுவது லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. திரைத்துறையினரின் அந்தரங்கத்தை எழுதிவந்த 'இந்து நேசன்' இதழின் ஆசிரியர் சி.என். லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோரும் கைதாயினர். இவர்கள் கத்தியெடுத்ததாக யாரும் சொல்லவில்லை. சதியில் பங்கு என்பதே குற்றச்சாட்டு.

ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. லண்டன் பிரிவி கவுன்சிலோ அதை மீண்டும் விசாரிக்குமாறு திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர்.

விடுதலைக்குப் பின்

1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' பெருவெற்றியோடு ஓடிக்கொண்டிருந்தபோதே பாகவதர் சிறை சென்றார். ஒப்பந்தமான படங்கள் கைவிட்டுப் போயின. விடுதலைக்குப் பின் நடித்த 'ராஜமுக்தி' (1948) முதலிய படங்கள் பழைய புகழை மீட்டுத் தரவில்லை, 1959இல் காலமானார். கிருஷ்ணன் 'நல்லதம்பி' (1949) போன்ற படங்களால் மீண்டெழுந்தார். நீதிமன்றத் தீர்ப்பு இருவருக்கும் ஒன்றே; இழந்த காலத்தை அது எவருக்கும் திருப்பித் தரவில்லை.

இன்றைய வழக்கு

2022 முதல் இயங்கும் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரக எல்லையிலிருந்து வரும் குற்றச் செய்தியாக இருந்தாலும், வேறெங்கிருந்து வந்தாலும், ஆங்கில நாளிதழில் 'இம்ப்ளிகேட்' என்று கண்டால் மாணவர்கள் 'குற்றத்தில் தொடர்பு இருப்பதாகக் கூறப்படுகிறது' என்றே தமிழாக்க வேண்டும். 'உடந்தையாக இருந்தார்' என்று எழுதினால், நீதிமன்றம் சொல்லும் முன்பே நாம் தீர்ப்பு எழுதியவர்களாவோம்.