ஆற்றுக்கு ஒரு தணிக்கை - ஜின்சு நதியின் கதை

ஓர் ஆறு கெட்டுப்போனதை முதலில் கண்டுபிடிப்பது யார்? ஆய்வுக்கூடமா? அரசாங்கமா? ஜப்பானில் டொயாமா பகுதி மக்களுக்கு அதைச் சொன்னது அவர்கள் வீட்டுப் பெண்களின் எலும்புகள்தான்!

டொயாமாவின் வயல்களுக்குத் தண்ணீர் தருவது ஜின்சு ஆறு. ஆற்றின் மேல்பகுதியில், கிஃபு மாவட்ட மலைகளில் இருந்தது கமியோகா சுரங்கம். மிட்சுய் நிறுவனம் அங்கே காரீயமும் துத்தநாகமும் எடுத்து வந்தது. துத்தநாகத் தாதுவோடு சேர்ந்தே இருக்கும் இன்னொரு உலோகம் காட்மியம். தாதுவைப் பொடியாக்கிப் பிரித்தபின் மிஞ்சிய கழிவு ஆற்றில் கலந்தது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல், வயலிலிருந்து அரிசி... கடைசியில் சோற்றுக் கிண்ணத்துக்கே வந்துவிட்டது.

காட்மியம் உடலில் சிறிது சிறிதாகச் சேர்ந்து முதலில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிறகு எலும்புகள் மெலிந்து வளையும். இருமினால்கூட எலும்பு முறியும். பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய, பிள்ளை பெற்ற பெண்களையே இந்த நோய் தாக்கியது. வலி தாங்காமல் அவர்கள் கத்திய வார்த்தையே நோய்க்குப் பெயரானது: "இட்டாய் இட்டாய்". நம் ஊரில் "ஐயோ வலிக்குதே" என்பது போல.

போர் முடிந்து ஊர் திரும்பிய உள்ளூர் டாக்டர் ஹகினோ நொபோரு, நோயாளிகளின் வீடுகள் எல்லாமே ஜின்சு ஆற்றுப் பாசனப் பகுதிக்குள் இருப்பதைக் கவனித்தார். சத்துக் குறைவுதான் காரணம் என்றவர்கள் அவர் சொன்னதை ஏற்கவில்லை. 1961ல் அவரும் வேளாண் அறிஞர் யோஷியோகாவும் காட்மியம்தான் காரணம் என்று அறிவித்தார்கள். அரசு அதை ஒப்புக்கொள்ள 1968 மே மாதம் வரை ஆனது. ஜப்பான் அரசு அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்ட முதல் மாசு நோய் இதுதான்.

அதே 1968ல் மக்கள் நீதிமன்றம் போனார்கள். ஜப்பானின் சுரங்கச் சட்டப்படி நிறுவனத்தின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. கழிவால்தான் பாதிப்பு என்று காட்டினால் போதும். 1971ல் வென்றார்கள். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 1972 ஆகஸ்ட் 9 அன்று அதிலும் மக்களே வென்றார்கள்.

வழக்கமாக இந்த மாதிரிக் கதைகள் நஷ்டஈட்டோடு முடிந்துவிடும். இங்கே அப்படி முடியவில்லை. தீர்ப்புக்கு மறுநாளே நிறுவனத்திடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதன்படி ஊர் மக்கள் எப்போது வேண்டுமானாலும் தாங்கள் தேர்ந்தெடுத்த நிபுணர்களோடு சுரங்கத்துக்குள் போய்ச் சோதிக்கலாம். கேட்ட ஆவணங்களை நிறுவனம் தரவேண்டும். செலவும் நிறுவனத்துடையதே!

வணிகவியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்பவரை நியமிப்பது பங்குதாரர்கள். கட்டணம் தருவது கம்பெனி. அந்த முறையையே ஜின்சு மக்கள் ஓர் ஆற்றுக்குக் கொண்டுவந்தார்கள்.

1972ல் மாதத்துக்குச் சுமார் 35 கிலோ காட்மியம் சுரங்கத்திலிருந்து ஆற்றில் கலந்தது. ஆண்டுதோறும் மக்களும் விஞ்ஞானிகளும் போய்ப் பார்த்து, எந்தக் குழாயில், எந்தக் கழிவுமேட்டில் கசிகிறது என்று தேடித்தேடி அடைக்க வைத்தார்கள். 2010 வாக்கில் அது சுமார் 4 கிலோவாகக் குறைந்தது. ஆற்று நீரில் காட்மியம் ஏறக்குறைய இயற்கை அளவுக்கே இறங்கிவிட்டது. கெட்ட வயல்மண்ணை மாற்றும் வேலை மட்டும் 2012 வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 2001ல் சுரங்கத்தில் தாது வெட்டுவது நின்ற பிறகும் சோதனை நிற்கவில்லை. கழிவுமேடுகள் அங்கேயேதானே இருக்கின்றன?

இந்த நோய்க்கு ஆளானதாக அங்கீகரிக்கப்பட்டவர்கள் சுமார் 200 பேர். அவர்கள் இழந்ததை எந்த ஒப்பந்தமும் திருப்பித் தராது. ஆனால் அடுத்த தலைமுறையின் சோற்றில் விஷம் இல்லை. நஷ்டஈடு நடந்துபோனதற்கான விலை. இனி நடக்காமல் காப்பது, உள்ளே போய் அளந்து பார்க்கும் உரிமை.