தேக்கு இறங்கிய வழி

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக ஆனைமலையிலுள்ள டாப்சிலிப் ஏறி வரும் குடும்பங்களுக்கு அங்குள்ள காட்டு நடை பிடித்துப்போவதற்குக் காரணம் எளியது: அது யாருடைய முழங்காலையும் சோதிப்பதில்லை. வனத்துறை வழிகாட்டி முன்னே செல்ல, பள்ளிப் பிள்ளையும் பாட்டியும் சேர்ந்தே நடக்கலாம். தடம் அகலம், ஏற்றம் மெல்லியது, வளைவுகள் நிதானமானவை. இதை ஆனைமலையின் இயல்பாக எடுத்துக்கொள்வது சரியல்ல. ஆனைமலை செங்குத்தான சரிவுகளும் ஆழமான ஓடைகளும் உள்ள மலை. இங்கே நடப்பதை எளிதாக்கியது நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த மரத்தொழில்தான் என்பதற்குக் காட்டிலேயே சான்றுகள் நிற்கின்றன.

பம்பாய்க் கப்பல்துறைக்குத் தேக்கு வேண்டியிருந்தது. அதற்காக 1848இல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற இளம் ராணுவ அதிகாரி ஆனைமலையில் மரம் வெட்டும் பொறுப்பை ஏற்றார். 1856இல் ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலரானபோது, ரயில் பாதைகளுக்கான கட்டைத் தேவையும் சேர்ந்துகொண்டது. வெட்டிய மரத்தை யானைகள் சங்கிலி கட்டி இழுத்தன. மலையின் மேல் விளிம்புக்கு வந்ததும் அதைச் சரிவில் சறுக்கிவிட்டுச் சமவெளியில் சேர்த்தார்கள். இழுவை யானைக்குச் செங்குத்தான இறக்கம் ஆகாது. பின்னால் வரும் மரம் உருண்டு அதன் காலில் மோதிவிடும். நீளமான மரம் குறுகிய திருப்பத்திலும் திரும்பாது. ஆகவே தடம் நீண்டும் சாய்வு குறைந்தும் அமைய வேண்டியிருந்தது. அருகிலுள்ள கரியன் சோலையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அது பசுமைமாறாக் காடு, தேக்கின் நிலம் அல்ல. சிங்கவால் குரங்கும் கருமந்தியும் வாழும் அந்த இருட்டுக்குள் மர இழுவைக்கு வேலை இல்லை. அகலத் தடமும் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவான மறுப்புதான். காட்டு யானைகளே சாய்வு குறைந்த வழியைத் தேர்ந்து நடப்பவை. இங்குள்ள பழங்குடிகளான காடர்களும் மலசர்களும் துரைமார் வருவதற்கு வெகு முன்பே இந்த மலையெங்கும் நடந்தவர்கள். அப்படியிருக்க வழியை மரத்தொழில் உண்டாக்கியது என்பது எப்படி? வழியின் திசையை யானைகளும் காடர்களும் தந்தார்கள் என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதை அகலப்படுத்தி, ஓடைகளைக் கடத்தி, அறுபடாமல் இணைத்தது மரத்தொழில். அந்த வேலைக்கும் இந்தப் பழங்குடிகளுடைய அறிவே அடிப்படை. தேனும் ஏலமும் எடுத்து வாழ்ந்த காடர்கள் தயவுக்காகச் சுமை தூக்குவார்கள், ஆனால் கூலி என்று அழைத்தால் ஆத்திரப்படுவார்கள் என்று 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பு பதிவுசெய்கிறது. காட்டின் சொந்தக்காரர்களாகவே அவர்கள் துரைமாரோடு நடந்தார்கள்.

டாப்சிலிப்பில் வருகையாளருக்குச் சொல்லப்படும் வரலாறு பெரும்பாலும் ஒரே மனிதரைச் சுற்றியது. ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி, அளவுமீறி வெட்டப்பட்ட தேக்குக் காட்டை மீட்டவர். 1933இல் மறைந்த அவருடைய கல்லறை அந்தத் தேக்குகளுக்கிடையே இருக்கிறது. அவர் கைத்தடியால் மண்ணைக் குத்தி நடந்த இடமெல்லாம் தேக்கு விதை போட்டார் என்று ஒரு கதை. வுட்டின் பங்கு பெரியது. அதைக் குறைக்க வேண்டியதில்லை. மரத்தை வேரோடு பெயர்க்காமல் தரையை ஒட்டி வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கவிடும் முறையை அவர் விடாப்பிடியாக நடைமுறைப்படுத்தினார். ஆனால் நடைவழியின் இருபக்கமும் நிற்கும் தேக்குகளைப் பாருங்கள்: ஒரே இடைவெளி, ஒரே பருமன், நேர் வரிசை. சில இடங்களில் ஒரே அடியிலிருந்து இரண்டு மூன்று தண்டுகள் எழுந்திருக்கும். குழி வெட்டி, கன்று நட்டு, களை எடுத்து, கோடையில் தீத்தடுப்புக் கோடு செதுக்கி, வேண்டாத துளிரை ஆண்டுதோறும் கழித்தால்தான் இப்படி ஒரு காடு நிற்கும். ஒரு கைத்தடியால் ஆகிற காரியமா இது? கேரளத்தின் நிலம்பூரிலும் இதே நிலைதான். 1840களில் அங்கு எழுந்த தேக்குத் தோட்டத்துக்கு கலெக்டர் கானலியின் பெயர் நின்றது. நட்டு வளர்த்த சாத்து மேனனின் பெயராவது அங்கே பிழைத்திருக்கிறது. ஆனைமலையில் குழி வெட்டியவர்களுக்கும், மரம் இழுத்த யானைகளின் மாவுத்தர்களுக்கும், அவர்களுடைய துணைப் பாகர்களான காவடிகளுக்கும் அந்த அளவுகூடக் கிடைக்கவில்லை.

ஒரு மணி நேரம் நல்ல காற்று வாங்க வந்த குடும்பத்தின் தலையில் இந்த வரலாற்றை ஏன் ஏற்ற வேண்டும் என்று கேட்கலாம். பாரமாக ஏற்ற வேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு வரிசையைக் காட்டி, யார் நட்டிருப்பார்கள் என்று கேட்டால் போதும். மலபார் அணிலைத் தேடும் அதே கண் இதையும் தேடும். இன்று இந்தக் காடு புலிகள் காப்பகம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடிகளின் உரிமைகளை ஏற்றிருக்கிறது. கோழிக்கமுத்தி முகாமில் மலசர் குடும்பங்கள் இன்றும் யானைகளோடு வாழ்கின்றன. கல்லறைக்கு வழிகாட்டும் பலகை இருப்பது நல்லது. நட்டவர்களையும் இழுத்தவர்களையும் பற்றி அந்த மலசர் குடும்பங்களின் முதியவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிய இன்னொரு பலகை, தேக்கு வரிசை தொடங்கும் இடத்திலேயே வைக்கப்பட வேண்டும்.