காசும் கேஷும்

"கேஷா, கடனா?" என்னும் வினாவைப் படாளம் கடைத்தெருவில் எழுத்தறியாதவரும் கேட்பர். இந்தக் 'கேஷ்' நம் 'காசு' என்பதன் திரிபே என்று மேடையிலும் ஏட்டிலும் பெருமிதத்தோடு உரைப்போர் பலர். தமிழ்ப்பற்றால் எழுந்த கூற்றுத்தான். ஆயினும் பற்று சான்றாகிவிடாது. அரபு மொழியில் 'நக்து' என்னும் சொல் ரொக்கப் பணத்தையும் குறிக்கும். நல்ல நாணயத்தையும் கள்ள நாணயத்தையும் பிரித்தறிதலையும் குறிக்கும். இலக்கியத் திறனாய்வுக்கும் அரபியர் அச்சொல்லையே வழங்குகின்றனர். இக்கூற்றையும் அந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே முறை.

ஆங்கில அகராதிகள் 'கேஷ்' என்பதை இரு வேறு சொற்களாகப் பதிவு செய்கின்றன. ரொக்கம் எனப் பொருள்படுவது, பெட்டியைக் குறிக்கும் 'காப்ஸா' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இத்தாலியில் அது 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கேஸ்'. பணம் வைத்த பெட்டியின் பெயர் நாளடைவில் பணத்துக்கே ஆகிவந்தது. 'கேஷியர்' என்பவரும் பெட்டிக்குரியவரே. நம் வழக்கில் கல்லாப்பெட்டிக்காரர்!

மற்றொரு 'கேஷ்' சிறு செப்புக்காசைக் குறிப்பது. இதுவே நம்முடையது. போர்ச்சுக்கீசியர் நம் கரையில் கேட்ட 'காசு' என்பதைத் தம் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'காய்ஷா' என்னும் சொல்லின் வடிவிலேயே எழுதினர். குழப்பத்தின் வேர் இங்கேதான் உள்ளது. அவர் வழியே ஆங்கிலேயர் அதனைப் பெற்று, சீனத்தின் துளையிட்ட நாணயத்துக்கும் அப்பெயரையே சூட்டினர். 1845இல் ஆங்கிலேயரிடம் விற்கப்பட்ட தரங்கம்பாடியில், டேனியரும் தம் நாணயங்களில் 'காஸ்' என்றே பொறித்திருந்தனர்.

1763இல் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராக வழங்கினார். அக்காலச் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818இல் ரூபாய் நிலைபெறும்வரை இவ்வழக்கு நீடித்தது.

கும்பினியார் 1808இல் இங்கிலாந்தில் அடித்த செப்பு நாணயம் ஒன்று நம் கவனத்துக்குரியது. ஒரு புறம் கும்பினியின் சின்னம். மறுபுறம் 'இருபது காஸ், நான்கு ஃபலூஸ்' எனப் பாரசீகத்திலும், அதன்கீழ் 'இருபது கேஷ்' என ஆங்கிலத்திலும் பொறிப்பு. 'ஃபலூஸ்' அரபுச் சொல். வளைகுடாவில் பொருளீட்டும் நம்மவர் கையாளும் 'ஃபில்ஸ்' அதன் உறவே. அதுவும் அரபியரின் சொந்தச் சொத்தன்று. ரோமப் பேரரசின் 'ஃபோல்லிஸ்' என்னும் செப்பு நாணயப் பெயரிலிருந்து வந்தது. எந்த மொழிதான் கடன் வாங்காதது? தமிழ்ச் சொல், பாரசீக எழுத்தில், அரபு மதிப்பீட்டோடு, ஆங்கிலேயர் பட்டறையில் ஒரே செப்புத் தகட்டில் ஏறிவிட்டது. அந்த நாணயத்தில் உள்ள 'கேஷ்' ஐயமின்றி நம் காசுதான். கடைத்தெருவில் கேட்கும் 'கேஷ்' அதுவன்று.

இந்நாணயங்களைப் பெருமளவில் ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல், 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்துக் கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் மூழ்கிற்று. 1980களில் மூழ்காளிகள் அக்காசுகளை அள்ளி எடுத்தனர். நம் கடைத்தெருவை எட்டாத அக்காசுகள் இப்போது நாணயம் சேர்ப்போரின் பேழைகளில் இருக்கின்றன.