கரைமடியும் வலை பின்னிய கைகளும்: தென் திருவிதாங்கூர்க் கடற்கரைக் கைவினை

பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியிருப்பைத் தனியே விரித்துரைக்கிறது. நெய்தல் திணைப் பாடல்கள் பலவற்றிலும் பரதவரும் வலையும் இடம்பெறுகின்றனர். எனினும் அவற்றில் முன்னிற்பது வலை வீசும் கையே. வலை பின்னிய கை அருகியே புலப்படுகிறது. பின்னவரின் அறிவுத்திறத்தை அறியக் கரைமடி தக்க சான்றாகும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த இன்றைய கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இவ்வலை பெருவழக்கினது.

கரையில் நின்று இருபுறமும் கயிறு பற்றி இழுக்கப்படும் இவ்வலையின் நீண்ட கைகள் தென்னைநாரால் ஆனவை. கயிற்றை அடுத்த பகுதியில் கண்கள் மிகப் பெரியவை. மடியை நெருங்க நெருங்க அவை குறுகும். மடி மட்டும் பருத்தி அல்லது சணல் நூலால் நெருக்கமாகப் பின்னப்பட்டது. பெரிய கண் வழியே மீன் தப்பிவிடாதோ என்னும் ஐயம் எழலாம். இழுபடும் நாரைக் கண்டு மிரளும் மீன்கூட்டம் அதனைக் கடவாமல் மடியை நோக்கி ஒதுங்கும். நுண்ணிய நூலும் மிகுந்த உழைப்பும் வேண்டிய இடத்தில் மட்டுமே செலவிடப்பட்டன. ஏட்டில் எழுதப்படாத இக்கணக்கை, வலையூசியும் கண்ணளவுப் பட்டையும் ஏந்தியோர் கைப்பழக்கத்தால் காத்துவந்தனர்.

முக்குவர் ஊர்களில் நூல் நூற்றலும் வலை பின்னலும் பெண்களுக்கும் கடலேக இயலாத முதியோருக்கும் உரிய வீட்டுத்தொழிலாய் இருந்தன. கல்பனா ராம் இம்மாவட்ட முக்குவப் பெண்களின் உழைப்பை ஆராய்ந்து 1991இல் நூல் வெளியிட்டுள்ளார்.

பருத்தி வலை எளிதில் மட்கும். அதனை அடிக்கடி வெயிலில் உலர்த்தி, மரப்பட்டைத் துவர்ச்சாற்றில் ஊறவைத்தல் வேண்டும். 1952இல் கையெழுத்தான இந்திய-நார்வே உடன்பாட்டின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்பிடித் தொழிலை நவீனப்படுத்தும் திட்டம் தொடங்கிற்று. அடுத்த ஆண்டுகளில் விசைப்படகும் நைலானும் இக்கடற்கரைகளில் பரவின. நைலான் மட்குவதில்லை, துவரூட்டவும் வேண்டா. கடலோடிகள் அதனை விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் நூற்கும் வேலை முதலில் அற்றது. பொறிவலை வந்தபின் பின்னும் வேலையும் குறைந்தது. வீட்டு உழைப்பால் கிடைத்த வலைக்கு ரொக்கம் தேவைப்பட்டது. ரொக்கத்திற்குக் கடன் தேவைப்பட்டது. இதனை மரபிழப்பு என்று மட்டும் கூறுதல் குறையுடைத்து. பெண்களின் வருவாய் ஒன்று கணக்கில் ஏறாமலே மறைந்தது.

பொறிவலைத் துண்டுகளைக் கயிற்றில் கோத்து, மிதப்பும் ஈயமும் கட்டுவதும், அறுந்த கண்களைப் பின்னுவதும் இன்றும் கைவேலைகளே. ஆயின் அவை நடைபெறும் இடம் வீட்டுத் திண்ணையன்று, மீன்பிடித் துறைமுகம். அங்கு வலையூசி பிடிப்போர் பெரும்பாலும் ஆண்கள்.