வகுத்தலும் பெருக்கலும்: மின்தடை, மின்திறன் கணக்கீடு உருவான வரலாறு

முன்னுரை

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டரின் தடை 46 ஓம், திறன் 1150 வாட். பள்ளி மாணவர் அரை நிமிடத்தில் போட்டுவிடும் கணக்கு இது. ஆனால் இவ்விரு வாய்பாடுகளும் ஒரே ஆளிடமிருந்தோ ஒரே காலத்திலோ வந்தவை அல்ல. விதி கண்டறியப்பட்டதுமே கணக்கு கைக்கு வந்துவிடவும் இல்லை. நிலையான மின்மூலமும் அனைவரும் ஏற்ற அலகும் அமைந்த பிறகே அது கைகூடியது. 1825 முதல் 1889 வரையிலான அந்த வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓமின் எட்டுக் கம்பிகள்

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1789இல் பிறந்தவர் கியோர்க் சைமன் ஓம். கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்துக்கொண்டே ஆய்வில் இறங்கினார். கம்பி நீள நீள மின்னோட்டம் எந்த அளவில் குறைகிறது என்பதே அவருடைய கேள்வி. 1825இல் அவர் வெளியிட்ட முதல் விடை மடக்கைச் சார்பாக அமைந்தது, அது தவறு. பிழையின் வேர் மின்கலத்தில் இருந்தது. அன்றைய வோல்டா கலம் பயன்படுத்தும்போதே வலுவிழக்கும். அளக்கும் பொருளோடு அளவுகோலும் சேர்ந்து மாறினால் எந்த விதியும் பிடிபடாது.

வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துமாறு ஆய்விதழ் ஆசிரியர் பொக்கெண்டார்ஃப் யோசனை சொன்னார். இரு உலோகங்களின் சந்திகளுக்கிடையே உள்ள வெப்பநிலை வேறுபாடு மின்னோட்டத்தை உண்டாக்கும் விளைவில் இயங்குவது அது. அந்த விளைவைச் சீபெக் 1821இல் கண்டறிந்திருந்தார். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். இரண்டின் வெப்பநிலையும் மாறாததால் மின்மூலமும் மாறவில்லை. ஓட்டத்தின் வலிமையைத் தொங்கவிட்ட காந்த ஊசியின் முறுக்கைக் கொண்டு அளந்தார்.

ஒரே பருமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். அவற்றின் நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். 1826 ஜனவரி 8ஆம் நாள் அளவீட்டில் 2 அங்குலக் கம்பி காட்டிய முறுக்கு 326¾. 130 அங்குலக் கம்பி காட்டியது 48½. நீளம் 65 மடங்கு கூடியும் ஓட்டம் ஏழில் ஒரு பங்காகக்கூடக் குறையவில்லை. காரணம், மின்னோட்டம் கம்பியை மட்டுமா கடக்கிறது? மின்மூலத்தையும் கருவியின் பிற பகுதிகளையும் கடந்தாக வேண்டும். அவற்றின் தடையை 20¼ அங்குலக் கம்பிக்குச் சமமாகக் கொண்டார் ஓம். மின்மூலத்தின் வலிமையைக் குறிக்கும் 7285 என்ற எண்ணை 22¼ (2 + 20¼) ஆல் வகுத்தால் ஏறத்தாழ 327. 150¼ (130 + 20¼) ஆல் வகுத்தால் 48½. கணக்கும் அளவீடும் ஒத்துப்போயின. இன்று அகத் தடை என்று நாம் அழைப்பது அந்த 20¼க்குள் அடங்கியிருக்கிறது.

1827இல் வெளியான அவருடைய நூலுக்கு ஜெர்மனியில் எதிர்ப்பு இருந்தது. ஆனால் லண்டன் ராயல் கழகம் 1841இல் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. ஹென்றி கேவண்டிஷ் தம் உடலில் உணர்ந்த மின்னதிர்ச்சியையே அளவியாகக் கொண்டு இதே விதியை முன்னரே நெருங்கியிருந்தார். ஆனால் அவர் வெளியிடாமல் விட்ட குறிப்புகளை மேக்ஸ்வெல் 1879இல்தான் பதிப்பித்தார்.

ஜூலின் வெந்நீர்

ஓமின் வாய்பாட்டில் திறன் இல்லை. அது வெப்ப ஆய்வின் வழியாக வந்தது. இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் மதுபான ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஜேம்ஸ் ஜூல். கம்பிச் சுருளை நீரில் அமிழ்த்தி, மின்சாரம் செலுத்தி, நீரின் வெப்பநிலை உயர்வை அளந்தார். குறித்த நேரத்தில் வெளிப்படும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் நேர்விகிதத்தில் உள்ளதென்று 1840 டிசம்பரில் ராயல் கழகத்துக்குத் தெரிவித்தார். ரஷ்யாவில் லென்ஸும் தனித்து இதே முடிவுக்கு வந்தார்.

ஓம் விதியையும் ஜூல் விதியையும் சேர்த்தால் அழுத்தமும் ஓட்டமும் பெருகித் திறனாகின்றன. இந்தச் சேர்க்கையின் பயன் விளக்குத் தொழிலில் தெரிந்தது. அழுத்தத்தை இருமடங்காக்கினால் அதே திறனுக்குப் பாதி ஓட்டம் போதும். அதே கம்பியில் வீணாகும் வெப்பம் கால்பங்காகும். குறைந்த ஓட்டத்தில் எரியும் தடை மிகுந்த விளக்கை எடிசன் நாடியது செம்புச் செலவைக் குறைக்கத்தான். நியூயார்க்கில் அவரது பேர்ல் தெரு மின்நிலையம் 1882இல் இயங்கத் தொடங்கியது.

அலகுகள் ஒன்றுபட்ட கதை

ஓமின் அளவுகோல் அவருடைய சொந்தக் கம்பி. அடுத்த ஊர்க்காரருக்கு அது பயன்படாது. வெர்னர் சீமன்ஸ் 1860இல் ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள பாதரசத் தம்பத்தைத் தடையின் அலகாக முன்வைத்தார். பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கம் 1861இல் இந்த அலகுக்கெனத் தனிக் குழுவை அமைத்தது. 1881இல் பாரிஸில் கூடிய மின்னியலாளர் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றை ஏற்றது. ஒரு ஓம் தடையில் ஒரு வோல்ட் செலுத்தும் ஓட்டமே ஒரு ஆம்பியர் என வரையறுத்தது. நம் வாய்பாட்டில் மாறிலி எதுவும் குறுக்கிடாததற்கு இந்த வரையறையே காரணம்.

மறு ஆண்டு வெர்னரின் தம்பி வில்லியம் சீமன்ஸ், ஒரு வோல்ட்டில் ஓடும் ஒரு ஆம்பியரின் திறனுக்கு வாட் என்று பெயரிட முன்மொழிந்தார். 1889 பாரிஸ் மாநாடு வாட், ஜூல் இரண்டையும் ஏற்றது.

முடிவுரை

ஓமின் முதல் முயற்சியைக் கெடுத்தது மாறிக்கொண்டே இருந்த மின்மூலம். இரண்டாவதைக் காத்தது மாறாத மின்மூலம். இன்றும் கணக்குப் போடுவோர் மறக்கக் கூடாத பாடம் இது. 230 வோல்ட், 100 வாட் இழை பல்பு எரியும்போது அதன் தடை 529 ஓம். அணைந்து ஆறிய அதே பல்பை மல்டிமீட்டரில் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கணக்கும் சரி, மீட்டரும் சரி. மாறியது இழையின் வெப்பநிலை.