திருச்சபையில் புதியவர்களை வரவேற்கும் வழக்கம்

கிறித்தவத் தேவாலயத்துக்கு முதல் முறையாக வருபவரை வாசலில் எதிர்கொண்டு, இடம் காட்டி அமரச் செய்வது திருச்சபையின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்றாகும். இன்று வாழ்த்துச் சொல்வதும் கைகுலுக்குவதுமே வரவேற்பு எனக் கருதப்படுகிறது. ஆனால் வரலாற்றில் இது பெரும்பாலும் இருக்கை பற்றிய சிக்கலாகவே இருந்துள்ளது. வந்தவர் எங்கே அமர்த்தப்பட்டார் என்பதைக் கொண்டே அவர் வரவேற்கப்பட்டாரா என்பதை அறிய முடிந்தது.

தொடக்கக் காலம்

புதிய ஏற்பாட்டில் உள்ள யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் இச்சிக்கலைப் பேசுகிறது. பொன் மோதிரமும் பகட்டான உடையும் அணிந்த ஒருவரும், அழுக்கு உடை உடுத்திய ஏழை ஒருவரும் சபைக்கு வருகின்றனர். முன்னவருக்கு நல்ல இடம் கிடைக்கிறது. ஏழையோ நிற்கும்படி அல்லது காலடியில் உட்காரும்படி சொல்லப்படுகிறார். உடையைப் பார்த்து ஆளை எடைபோடும் இந்தப் பாகுபாட்டை நிருபம் கண்டிக்கிறது.

3ஆம் நூற்றாண்டில் சிரியாவில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் 'திதஸ்காலியா' என்னும் திருச்சபை ஒழுங்கு நூல், இதற்கு விதிகளையே வகுத்தது. வாசலில் ஒரு திருத்தொண்டர் நின்று வருவோரைக் கவனிக்க வேண்டும். வேறு ஊரிலிருந்து வந்தவரை இன்னார் என விசாரித்து, உரிய இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். செல்வாக்கு உள்ளவர் வந்தால் ஆயர் தம் போதனையை நிறுத்தக் கூடாது. சபையாரே அவருக்கு இடம் அளிக்க வேண்டும். ஆனால் ஏழை ஒருவர், அதிலும் முதியவர், வந்து இடம் இல்லாதபோது, ஆயர் தாம் தரையில் அமர நேர்ந்தாலும் அவருக்கு இடம் தர வேண்டும் என்கிறது அந்நூல்.

வாசலுக்குக் காவல் பணியும் இருந்தது. திருமுழுக்குப் பெறாதோர் நற்கருணைப் பகுதிக்கு முன் வெளியே அனுப்பப்பட்டனர். உரோமைத் திருச்சபையில் வாயிற்காப்போர் என்றே ஒரு பணிநிலை இருந்ததை 3ஆம் நூற்றாண்டின் நடுவில் அதன் ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதம் காட்டுகிறது.

இங்கிலாந்தில் வாடகை இருக்கைகள்

இடைக்காலத் தேவாலயங்களில் மக்கள் பெரும்பாலும் நின்றே வழிபட்டனர். மதச் சீர்திருத்தத்துக்குப் பின் நீண்ட பிரசங்கங்கள் வழிபாட்டின் மையமாயின. நிலையான இருக்கைகளும் பெருகின. இங்கிலாந்தில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வசதி படைத்த குடும்பங்கள் கதவு வைத்த மரத் தடுப்புகளுக்குள் தமக்கெனத் தனி இருக்கைகள் வைத்திருந்தன. பல இடங்களில் இருக்கைக்கு வாடகை வாங்கப்பட்டது. புதிதாக வந்தவர், கதவு திறந்துவிடும் பணியாளர் இடம் காட்டும்வரை நடைபாதையில் காத்திருக்க வேண்டும். ஏழைகளுக்கு உரிய இலவச இருக்கைகள் பெரும்பாலும் பின்புறத்திலோ மாடத்திலோ இருந்தன.

1818இல் புதிய தேவாலயங்கள் கட்ட நாடாளுமன்றம் பத்து லட்சம் பவுண்டு ஒதுக்கியபோது, இருக்கைகளில் ஒரு பகுதி இலவசமாக இருக்க வேண்டும் என விதித்தது. 1851 மார்ச் 30 அன்று நடந்த சமயக் கணக்கெடுப்பில் இலவச இருக்கைகள் தனியாகக் கணக்கிடப்பட்டன. அதன் அறிக்கையை எழுதிய ஹோரஸ் மான், உழைக்கும் மக்கள் தேவாலயத்துக்கு வராததற்கான காரணங்களுள் இந்த இருக்கை வேற்றுமையையும் குறிப்பிட்டார். பிற்காலத்தில் வாடகை முறை படிப்படியாக மறைந்தது.

தஞ்சாவூரில் எழுந்த சிக்கல்

புதிய தேவாலயங்கள் எழுந்த இலண்டன் பகுதிகளுள் இஸ்லிங்டனும் ஒன்று. அங்கு 1824 முதல் 1832 வரை பங்கு குருவாக இருந்த டேனியல் வில்சன், கல்கத்தா ஆயராக இந்தியாவுக்கு வந்தார். தமிழ்நாடும் அவர் பொறுப்பில் இருந்தது. இங்கு இருக்கையைப் பிரித்தது வாடகை அல்ல, சாதி. தஞ்சாவூர், வேப்பேரி முதலிய சபைகளில் வேளாளர் முதலிய சாதியாரும், ஒடுக்கப்பட்ட மக்களும் தேவாலயத்துக்குள் தனித்தனியே அமர்ந்தனர். ஒடுக்கப்பட்ட குடும்பத்திலிருந்து புதிதாக வருபவருக்கான இடம், அவர் வாசலைத் தாண்டும் முன்பே முடிவாகியிருந்தது.

சபையில் சாதி வேற்றுமையை உடனே, முழுவதுமாகக் கைவிட வேண்டும் என 1833 ஜூலையில் வில்சன் கடிதம் அனுப்பினார். சபையார் பலர் இதனை எதிர்த்து வெளியேறினர். தஞ்சைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கங்களை ஆதரித்தே எழுதியவர். அவை உலகியல் சார்ந்தவை, விசுவாசத்தைச் சார்ந்தவை அல்ல என்பது அத்தரப்பின் வாதம். பின்னாளில் ஒரு பகுதியினர் லுத்தரன் சபைகளில் சேர்ந்தனர். ஒரே கடிதத்தால் வழக்கம் மறைந்துவிடவில்லை. எனினும், ஆலயத்துக்குள் அமரும் இடம் நம்பிக்கையோடு தொடர்புடைய கேள்வி என்பது வெளிப்படையாகப் பேசப்பட்டது.

இன்றைய நிலை

தற்காலத்தில் பல தேவாலயங்களில் வரவேற்புக்கெனத் தன்னார்வலர்கள் உள்ளனர். தமிழ்ச் சபைகள் பலவற்றில் புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லிப் பெயர் கேட்பது வழக்கம். சிலருக்கு இது மகிழ்ச்சி தரும். கூச்சம் உள்ளவர்களுக்குச் சங்கடம் தரும். எப்போது எழுவது, எந்தப் பாட்டு, நற்கருணைக்குச் செல்லலாமா என்பவை தெரியாமல் தவிப்பவருக்கு, அருகில் அமர்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டும் ஒருவரே பெரிய உதவி. திதஸ்காலியா ஆயரிடம் எதிர்பார்த்ததும் இதுவே: வந்தவருக்காகத் தாம் சற்று நகர்ந்து இடம் கொடுப்பது.